நூற்று நாற்பத்தேழாவது வரி

2025 ஆகஸ்ட் 5, செவ்வாய்

லிஃப்ட் இன்றும் இல்லை. பாண், பால்மா, தக்காளி, ஒரு கட்டு கடதாசி. நான்காம் மாடிக்கு ஏறுவதற்குள் மூன்று இடத்தில் நின்றேன். மூன்றாவது இடத்தில் ஜீவராணி டீச்சர் பிடித்துக்கொண்டார்.

முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவர், இப்போது சங்கச் செயலாளர். கையில் எங்கள் தொடர்மாடிச் சங்கத்தின் புதிய யாப்பு, விதிகள் எல்லாம் அடங்கியது. போன மாதம் நான்தான் கணினியில் பக்கம் அமைத்து அச்சடித்துக் கொடுத்தது. அதைப் பற்றிக் கதைக்கக் கூட்டிய கூட்டம் நாசமாய்ப் போனதற்கும் நான்தான் காரணமாம்.

"பிள்ளை, 'அந்தப் பந்தியில கீழ இருந்து மூண்டாவது வரி' எண்டு ஒருத்தர் சொல்லுறார். எல்லாரும் ஆளுக்கொரு மூண்டாவது வரியைப் பாக்கினம். ரெண்டு மணித்தியாலம் வீணாப் போச்சு. ஓரத்தில நம்பர் போடேலாதோ?"

போடலாம் டீச்சர். அரை நாள் வேலை.

வீட்டுக்கு வந்து கணவர் ரிஸ்கானிடம் சொன்னேன். "நம்பர் போட்டா சண்ட கொறயுமா?" என்று கேட்டார். குறையாது, ஆனால் சண்டைக்கு ஒரு விலாசம் கிடைக்கும் என்றேன். அவர் சிரித்ததில் தேத்தண்ணீர் சட்டையில் கொட்டியது.

ஆகஸ்ட் 7, வியாழன்

அரை நாள் என்று சொன்னவளைக் கட்டி வைத்து அடிக்க வேண்டும்.

பக்கத்துக்குப் பக்கம் ஒன்றிலிருந்து தொடங்குவதா, முழுதும் தொடர்ந்து போவதா? தொடர்ந்து. இல்லாவிட்டால் ‘வரி 12’ என்றால் பதினொரு வரி 12 வரும். ஐந்துக்கு ஒரு தடவை போடுவதா, எல்லா வரிக்குமா? ஐந்துக்கு ஒன்று போட்டால் பார்க்க அழகு. ஆனால் எங்கள் ஆட்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். எண்ணும்போது பக்கத்து ஆளோடு கதைப்பார்கள். பிறகு முதலிலிருந்து எண்ணுவார்கள். எல்லா வரிக்கும். தலைப்பு ஒரு வரியா? டீச்சருக்கு ஃபோன் போட்டேன். "தலைப்பும் வரிதான் பிள்ளை, அதிலயும் பிழை வரும்" என்றார்.

இடது ஓரத்தில் பொடி எழுத்தில், சாம்பல் நிறத்தில் வைத்தேன். மொத்தம் 312. ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஒரு ஆள் நின்று வேவு பார்ப்பது போல இருக்கிறது. எனக்குப் பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இருபத்தெட்டு வீட்டுக்கும் பிரதி கொடுத்தாயிற்று. திருத்தம் சொல்பவர்கள் வரி எண்ணோடு சொல்ல வேண்டும் என்று டீச்சர் முதல் பக்கத்தில் எழுதச் சொன்னார். தலைவர் ஹெக்டர் அங்கிள் பிரதியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "பெரிய நீதிமன்றத்து ஃபைல் மாதிரி இருக்கு மகள்" என்றார். புகழ்ந்தாரா என்று தெரியவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மாடி முழுதும் எண்ணில் கதைக்கிறது.

வாகனத் தரிப்பிடத்தில் பந்தடிக்கும் பிள்ளைகளைப் பார்த்து முதலாம் மாடிக்காரர் "நூத்திப் பத்து! நூத்திப் பத்து!" என்று கத்துகிறார். 110: தரிப்பிடத்தில் விளையாடக் கூடாது. பிள்ளைகள் அதையே விளையாட்டுக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். "வாங்கடா, நூத்திப் பத்து விளையாடுவம்."

லிஃப்ட் கதவில் யாரோ பென்சிலால் ‘வரி 63’ என்று எழுதியிருக்கிறார்கள். 63: மின்தூக்கியை எந்நேரமும் இயங்கு நிலையில் வைத்திருப்பது சங்கத்தின் கடமை. ஹெக்டர் அங்கிள் ஆறாம் மாடியிலிருந்து இறங்கி வந்து அதைப் பார்த்துக் கொதித்துப் போனார். லிஃப்டுக்கு ஒரு சாமான் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், இரண்டு வருடமாக வருகிறது, அவர் என்ன செய்வார்? யார் எழுதியது என்று விசாரணை நடக்கிறது.

இது என் சொந்த நாட்குறிப்புக் கொப்பி, ஒளிக்கத் தேவையில்லை. நான்தான்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

காவலாளர் அழகுமுத்து அண்ணன் படியில் மறித்தார். அவரும் மனைவி ஆறாயி அக்காவும் பத்தொன்பது வருடமாகக் கீழ்த்தளத்தில் ஒரே அறையில் இருக்கிறார்கள். பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர் கேட்டைப் பார்ப்பார், அக்கா படிகளைக் கழுவுவார்.

"மிஸ், எல்லாரும் நம்பரு சொல்லுறாங்க. எங்களுக்கும் ஒரு நம்பரு இருக்குங்களா?"

இருந்தது. பழைய யாப்பிலிருந்து அப்படியே வந்த விதி. புதிய பக்கத்தில் சரியாக ஒரே வரியில் உட்கார்ந்திருந்தது, ஒரு எழுத்துக்கூட அடுத்த வரிக்குப் போகாமல்: ‘காவலாளர் குடும்பம் வசிக்கும் அறை, பொதுக்கூட்டத்தின் சம்மதமின்றி எடுக்கப்படலாகாது.’ வரி 147.

மூன்று தடவை வாசிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை அவரது உதடும் என்னோடு சேர்ந்து அசைந்தது. "நூத்தி நாப்பத்தேழு" என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தார். பின்னேரம் நான் கடைக்குப் போகும்போது மீன்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், தன் பெயர் பேப்பரில் வந்தது போல.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஹெக்டர் அங்கிள் வீட்டுக்கு வந்தார். ஆறாம் மாடியிலிருந்து நான்காம் மாடிக்கு அவர் வருவது அபூர்வம். சங்க வேலை என்றால் கீழே, பெயர்ப் பலகை மாட்டிய தன் அலுவலக அறைக்குத்தான் கூப்பிடுவார்.

கையில் திருத்தத் தாள். அழகான கையெழுத்து. காப்புறுதிக் கம்பனியில் பெரிய அதிகாரியாக இருந்தவர். ஒரு கால்புள்ளி, இரண்டு எழுத்துப் பிழை, ஒரு தொலைபேசி இலக்கம். கடைசியில்: ‘வரி 147 நீக்கவும். ஏனைய வரி எண்கள் மாறக் கூடாது.’

நான் அவரைப் பார்த்தேன். அவர் சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தார்.

"ஒரு வரியை எடுத்தா கீழ உள்ளதெல்லாம் ஒண்டால மேல வரும் அங்கிள்."

"அதுதான் வரக் கூடாது எண்டு எழுதியிருக்கிறன். டீச்சர் தன்ட பிரதியில நம்பர் போட்டு நோட்ஸ் எழுதி வச்சிருக்கிறா. ஒரு நம்பர் பிசகினா உடனே பிடிச்சிடுவா. நீ கெட்டிக்காரி மகள், அட்ஜஸ்ட் பண்ணுவாய்."

எதற்கு அந்த அறை என்று கேட்டேன். "சங்கத்துக்குத் தேவை இருக்கு" என்றார். அவர்களை எங்கே போகச் சொல்வீர்கள்? "அதெல்லாம் பாப்பம்."

வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, என் மேசை, கணினி, அச்சு இயந்திரம் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "தொண்ணூத்தி ரெண்டை நான் ஒருநாளும் பெரிசா எடுத்ததில்ல, தெரியும்தானே?"

தெரியும். 92: வீடுகளில் தொழில் நடத்தலாகாது.

ஆகஸ்ட் 27, புதன்

செய்துவிட்டேன்.

எப்படி என்று எழுதி வைக்க ஆசையாக இருக்கிறது, வெட்கமாகவும் இருக்கிறது. மேலே உள்ள பந்தி ஆறு வரி. சொற்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை மயிரிழை மயிரிழையாகத் தளர்த்தினேன். ஆறாவது வரியின் கடைசி இரண்டு சொற்கள் வழுக்கி ஏழாவது வரிக்கு விழுந்தன. அந்த ஏழாவது வரிக்கு எண் 147. அதன் கீழே எல்லாம் அசையாமல் நின்றது. 148 அதே 148. கடைசி வரி அதே 312. ஒரு குடும்பத்தைத் தூக்கி வெளியே வைத்தும் பக்கத்தில் ஒரு சுருக்கம் இல்லை.

இவ்வளவு நன்றாக நான் ஒருநாளும் வேலை செய்ததில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

காலையில் ஆறாயி அக்கா அவித்த பலாக்கொட்டை கொண்டுவந்து தந்தார். ஊரிலிருந்து தம்பி அனுப்பியதாம். "சூட்டோட சாப்புடுங்க மிஸ்." என் மேசை மேல், அந்தப் பக்கத்தின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

சாப்பிட முடியவில்லை. என்ன மனுசி நான்? 92க்குப் பயந்தா? பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். கல்கிசையில் ஒரு அறை எடுத்து வேலை செய்ய எனக்கு எங்கே வசதி? ஆனால் பயத்தில் செய்ததை ஏன் அவ்வளவு ஆசையாகச் செய்தேன்? கை பழகின வேலை என்று கை பாட்டுக்குச் செய்யுமா? அல்லாஹ்வே.

ரிஸ்கானிடம் சொன்னேன். பலாக்கொட்டையை உரித்துக்கொண்டே கேட்டார். கடைசியில், "அவர் என்ன எழுதித் தந்தார், அத மட்டும் செல்லுங்க."

"வரி 147 நீக்கவும். ஏனைய வரி எண்கள் மாறக் கூடாது."

"மேல் பந்தியத் தளர்த்தச் செல்லி எழுதினாரா?"

"இல்ல."

"அப்ப ஏன் செய்றீங்க?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போய்க் கணினியைத் திறந்தேன். தளர்த்தியதை எல்லாம் இறுக்கினேன். அவர் எழுதித் தந்ததை எழுதித் தந்தபடியே செய்தேன். வரியை எடுத்தேன். எண்ணை எடுக்கவில்லை.

146க்கும் 148க்கும் நடுவே ஒரு வெள்ளை இடம். ஓரத்தில் 147, தன்னந்தனியாக.

பலாக்கொட்டையில் ரிஸ்கான் எனக்கு நான்கே நான்கு மிச்சம் வைத்திருந்தார்.

ஆகஸ்ட் 30, சனி

ஹெக்டர் அங்கிள் பிரதியைப் பார்க்க வந்தார். மனிதர் நேரே கடைசிப் பக்கத்துக்குப் போனார். 312. "அருமை!" பிறகு கால்புள்ளியைப் பார்த்தார், தொலைபேசி இலக்கத்தைப் பார்த்தார். நடுப்பக்கத்தைத் திறந்தார். திறந்ததும் மனைவியிடமிருந்து ஃபோன் வந்தது. "ஓம் பெர்னடெட், வாறன், வாறன்." மூடிவிட்டார்.

"எல்லாருக்கும் அடிச்சிடு மகள்."

அடித்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

ஒழுங்காக எழுத வேண்டும்.

நான்கு மணிக்கு வாகனத் தரிப்பிடத்தில் கூட்டம். பிளாஸ்டிக் கதிரைகள். முன்னால் மேசையில் ஹெக்டர் அங்கிள், பக்கத்தில் டீச்சர். அழகுமுத்து அண்ணன் பிளேன்டீ கொடுத்துக்கொண்டு போனார். ஆறாயி அக்கா தங்கள் அறை வாசலில் நின்றார். அவர்களுக்கு வாக்கு இல்லை, கதிரையும் இல்லை.

டீச்சர் பழைய பிரதியை மடியிலும் புதியதைக் கையிலும் வைத்துக்கொண்டு வரி வரியாகப் போனார். 63க்கு வந்தபோது எல்லோரும் லிஃப்ட் கதவைப் பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தேன்.

"நூற்று நாற்பத்தாறு, சரி. நூற்று நாற்பத்தேழு..."

நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

"நம்பர் இருக்கு. வரியைக் காணேல்லை."

இருபத்தெட்டு வீட்டாரும் பக்கம் புரட்டினார்கள். அந்தச் சத்தத்தை நான் மறக்க மாட்டேன். பின்வரிசையில் யாரோ "ஐயோ, ஓம்!" என்றார்கள்.

ஹெக்டர் அங்கிள் தன் பிரதியை முகத்துக்குக் கிட்டக் கொண்டுபோனார். காது இரண்டும் சிவந்தன. "பிரின்டிங் மிஸ்டேக்" என்றார்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எழும்பினேன். இவ்வளவு பேருக்கு முன்னால் நான் ஒருநாளும் கதைத்ததில்லை.

"மிஸ்டேக் இல்ல அங்கிள். நீங்க எழுதித் தந்த மாதிரியே செஞ்சீக்கிறேன். வரிய எடுக்கச் செல்லினீங்க, எடுத்தேன். நம்பர் மாறக் கூடாதெண்டு செல்லினீங்க, மாத்தல்ல."

டீச்சர் கையை நீட்டினார். திருத்தத் தாளைக் கொடுத்தேன். வாசித்தார். மேசையில், ஹெக்டர் அங்கிளுக்கு முன்னால் வைத்தார்.

"வீட்டில அச்சு வேலை செய்றவ சட்டம் கதைக்கிறா!" என்று அங்கிள் கத்தினார். "தொண்ணூத்தி ரெண்டைப் பாருங்க எல்லாரும்!"

எல்லோரும் பார்த்தார்கள். டீச்சர் மெதுவாக, "தலைவர், நான் வீட்டில டியூஷன் குடுக்கிறன்" என்றார். ஐந்தாம் மாடியில் தையல் வேலை செய்பவர் கையை உயர்த்தினார். பற்றிஸ், கட்லட் ஓடர் எடுப்பவர் உயர்த்தினார். பதினோரு கை. "அதை அடுத்த கூட்டத்தில பாப்பம்" என்றார் டீச்சர். "இப்ப, அந்த வரி என்ன எண்டு ஆருக்காவது ஞாபகம் இருக்கோ?" பழைய பிரதி அவர் மடியிலேயே இருந்தது. வேண்டுமென்றேதான் கேட்டார்.

"எனக்கு இருக்குங்க."

அழகுமுத்து அண்ணன். தேத்தண்ணீர்த் தட்டைத் தூணோரம் வைத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

"சொல்லுங்கோ. நாங்கள் எழுதுறம்."

அவர் சொன்னார். ஒவ்வொரு சொல்லாக, நிறுத்தி நிறுத்தி. எல்லோரும் முழங்காலில் பிரதியை வைத்து 147க்குப் பக்கத்தில் எழுதினார்கள். பேனை இல்லாதவர்கள் பக்கத்து ஆளிடம் இரவல் வாங்கினார்கள். "எடுக்கப்படலாகாதுக்கு எந்த ‘ல’ண்ணே?" என்று ஒருவர் கேட்டார். "அது மிஸ்ஸைத்தாங்க கேக்கணும்" என்றார் அவர்.

வாக்கெடுத்தார்கள். ஒரு வீடு தவிர எல்லாம், 147 இருக்கட்டும் என்று.

செப்டம்பர் 2, செவ்வாய்

ஹெக்டர் அங்கிள் படியில் என்னைக் கண்டு முகத்தைத் திருப்பினார். கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கக் கோயிலின் திருவிழா மலர் அச்சிடும் வேலை ஒவ்வொரு வருடமும் அவர் மூலம்தான் எனக்கு வரும். இந்த வருடம் வேறு ஆளிடம் போய்விட்டதாக மெசேஜ் வந்தது. ரிஸ்கான், "போனா போகட்டும், நீங்க ஈக்கிறீங்க தானே" என்றார். நான் இருக்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

அங்கிள் கூட்ட மேசையிலேயே விட்டுப் போன திருத்தத் தாளையும் மூலப் பிரதியையும் திருப்பிக் கொடுக்க ஆறாம் மாடிக்குப் போனேன். நாளைக்கு விடுமுறை, இன்றே தொலைத்துவிடலாம் என்று. உண்மையில், அவர் முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசை. சும்மா சொல்லக் கூடாது.

கதவு திறக்க வெகு நேரம் எடுத்தது. பெர்னடெட் ஆன்ட்டி, இரண்டு கையிலும் ஊன்றுகோல். இப்படி மெலிந்து போனாரா? அவரை நான் கடைசியாகப் பார்த்தது எப்போது என்று யோசித்தேன். லிஃப்ட் ஓடிய காலத்தில்.

"முழங்கால் ரெண்டும் போச்சு மகள். ரெண்டு வருஷமா இந்தக் கதவைத் தாண்டல்ல. டொக்டர்கூட மேல வாறார்." சிரித்துக்கொண்டே சொன்னார். பிறகு, "உன்ட கூட்டத்தை ஜன்னல்ல இருந்து கேட்டன். நல்ல சத்தம். ஆனா கீழ் ரூமை அவர் எனக்காகத்தான் எடுக்கப் பார்த்தவர். சங்கத்தில வாயைத் திறந்து, என்ட மனுசி கீழ வர ஏலாம இருக்கிறா எண்டு கேட்க அவருக்கு வாய் வரல்ல. திருட்டுத்தனமா எடுக்க மட்டும் கை வந்திருக்கு. எனக்கு நீ எழும்பிக் கதைக்கும்போதுதான் தெரியும்."

நானும் முதலில் அந்த வரியை எடுத்து ஒளித்தவள்தான் என்று சொல்லிவிட்டேன். பந்தியைத் தளர்த்திய கதை முழுதும். ஆன்ட்டி கண்ணை அகல விரித்தார். "நல்லா வந்துச்சா?" என்று கேட்டார்.

"பொய் செல்லக் கூடாது ஆன்ட்டி. நல்லா வந்துச்சு."

அப்போதுதான் ஹெக்டர் அங்கிள் உள்ளே வந்தார், ஆறு மாடி ஏறிய மூச்சோடு. என்னைக் கண்டு அப்படியே நின்றார்.

ஆன்ட்டி அவர் பக்கம் திரும்பினார். "ஹெக்டர், கீழ உங்கட ஆபீஸ் ரூம் எவ்வளவு பெரிசு?"

"அது... சங்கத்தின்ட ரூம்."

"பெயர்ப் பலகையில உங்கட பேர்தானே இருக்கு? பாத்ரூமும் இருக்கு எண்டு சொன்ன ஞாபகம். மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு ஃபைல் பார்க்கிறதுக்கு எதுக்கு பாத்ரூம்?"

அங்கிள் கதிரையில் உட்கார்ந்தார். நான் பார்த்தவரை, அந்த அறையைப் பற்றி அவர் இதுவரை யோசித்ததே இல்லை. மற்றவர்கள் இருக்கும் அறைதான் அவர் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. நான் மெல்ல எழும்பி வந்துவிட்டேன். கதவைச் சாத்தும்போது ஆன்ட்டியின் குரல் இன்னும் ஓயவில்லை.

இறங்கி வரும்போது எனக்கு வெற்றி மாதிரியும் இல்லை, தோல்வி மாதிரியும் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

கூட்டம். ஹெக்டர் அங்கிள் எழும்பி, தாள் ஒன்றும் இல்லாமல், "என்ட மனுசிக்கு நடக்க ஏலாது" என்றார். அதற்கு மேல் வரவில்லை. டீச்சர் அவரைக் காப்பாற்றினார்: லிஃப்ட் சரியாகும் வரை அலுவலக அறை பெர்னடெட் ஆன்ட்டிக்கு. கை உயர்த்துங்கோ. அழகுமுத்து அண்ணனும் ஆறாயி அக்காவும் இன்று கதிரையில் உட்கார்ந்திருந்தார்கள். அக்காவும் கை உயர்த்தினார். வாக்கு இல்லையே என்று யாரும் சொல்லவில்லை. டீச்சர் எண்ணியும் விட்டார்.

92ஐ எல்லோரும் சேர்ந்து, வெளிச்சத்தில், உரத்த குரலில் நீக்கினோம். கீழே உள்ளதெல்லாம் ஒன்றால் மேலே வந்தது. மறுபடி முழுதும் அடிக்க வேண்டும்.

செப்டம்பர் 20, சனி

ஆன்ட்டியைக் கதிரையோடு இறக்கினார்கள். முன்னால் அழகுமுத்து அண்ணனும் ரிஸ்கானும், பின்னால் ஐந்தாம் மாடிப் பெடியன்கள் இருவர். ஹெக்டர் அங்கிள் ஊன்றுகோலைத் தூக்கிக்கொண்டு, "மெதுவா! திருப்புங்க! மெதுவா!" என்று எல்லோருக்கும் கட்டளை. ஒவ்வொரு மாடியிலும் கதவுகள் திறந்தன. ஆன்ட்டி ஊர்வலத்தில் போகிறவர் போலக் கை காட்டினார். மூன்றாம் மாடியில் நிறுத்தச் சொல்லி டீச்சரிடம் வாய் நிறைய வம்பு கதைத்தார். தூக்கியவர்களுக்கு வியர்த்து ஊற்றியது.

ஆறாயி அக்கா அறையைக் கழுவி, ஜன்னலில் தன் பழைய சேலையைத் திரையாகக் கட்டியிருந்தார்.

செப்டம்பர் 27, சனி

ஆன்ட்டி கெரம் விளையாட்டில் கள்ளம் செய்கிறார். அழகுமுத்து அண்ணன் வந்து புகார் சொன்னார்.

அக்டோபர் 3, வெள்ளி

பின்னேரம் காற்று நல்லாக இருந்தது. கடலோரம், மரைன் டிரைவ் பக்கம் நடந்தேன். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கல்லுகளுக்கு நடுவே கொஞ்சம் மணல் இருக்கும் இடத்தில், பெர்னடெட் ஆன்ட்டி பிளாஸ்டிக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். ஆறாயி அக்கா பக்கத்தில் நின்று குடையைப் பிடித்திருந்தார். அலை வந்து இருவர் காலையும் நனைத்துவிட்டுப் போனது. இரண்டு பேரும் ஒரேயடியாகக் கூச்சல் போட்டார்கள்.

ஹெக்டர் அங்கிள் கொஞ்சம் தள்ளி, காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிவிட்டு நின்றார். ஒரு கையில் ஆன்ட்டியின் செருப்பு, மறு கையில் ஆறாயி அக்காவின் செருப்பு. என்னைக் கண்டார். முகத்தைத் திருப்பவில்லை. கை இரண்டும் வேலையாக இருந்தபடியால் நாடியால் அவர்கள் பக்கம் காட்டினார்.

"வீட்டுக்குப் போவம் எண்டு அரை மணித்தியாலமா கூப்பிடுறன். ரெண்டு பேரும் கேட்கிறாங்க இல்ல" என்றார்.